முப்பது எஸ்குடோ எப்படி வந்தது: ஆசியாவின் போர்த்துக்கீசியப் பணத்தாள்களைப் படிக்கும் முறை

கோவா, டாமன், டையூ ஆகிய பகுதிகளில் போர்த்துக்கீசியர் வெளியிட்ட கடைசிப் பணத்தாள் தொடரை முதன்முறையாகப் பார்க்கிறவர்கள் அதன் மதிப்புகளைக் கண்டு திகைப்பது வழக்கம். 1959 ஜனவரி 2 என்று தேதியிட்ட அந்த ஆறு நோட்டுகளும் 30, 60, 100, 300, 600, 1000 எஸ்குடோக்களுக்கானவை; எஸ்குடோ என்பது போர்த்துக்கலின் பணம். பொதுவாக எந்த அரசும் முப்பதையும் அறுபதையும் விரும்பித் தேர்ந்தெடுத்து நோட்டு அடிப்பதில்லை. ஐந்து, பத்து, ஐம்பது, நூறு என்று போவதுதான் எண்ணும் கைக்கு எளிது. ஆனால் அந்த எண்களை ஆறால் வகுத்துப் பார்த்தால் புதிர் அவிழ்ந்துவிடும். முப்பது எஸ்குடோ என்பது ஐந்து ரூபாய். அறுபது என்பது பத்து ரூபாய். முந்நூறும் அறுநூறும் முறையே ஐம்பதும் நூறும். அதுவரை கோவாவில் புழங்கிய ரூப்பியா என்னும் உள்ளூர் ரூபாயைக் கைவிட்டு, லிஸ்பனின் எஸ்குடோவுக்கு மாறியபோது, ஒரு ரூப்பியாவுக்கு ஆறு எஸ்குடோ என்று விகிதம் வைத்தார்கள். சந்தையில் இருந்த மக்களின் கணக்கு ரூபாயிலேயே ஓடிக்கொண்டிருந்ததால், புதிய நோட்டுகளில் நான்கைப் பழைய கணக்குக்கு ஏற்ப அச்சிட வேண்டியதாயிற்று. நூறும் ஆயிரமும் மட்டுமே எஸ்குடோவின் இயல்பான எண்கள்.

ஆறு என்ற விகிதமும் தற்செயலானது அல்ல. அந்த ஆண்டுகளில் அமெரிக்க டாலர் ஒன்றுக்கு இந்திய ரூபாயின் அதிகாரபூர்வ மதிப்பு 4.76, எஸ்குடோவின் மதிப்பு 28.75. இரண்டையும் வகுத்தால் ஆறுக்குச் சற்றே கூடுதலாக வருகிறது. அதாவது, இந்தியாவிடமிருந்து விலகி நிற்பதற்காகவே கொண்டுவரப்பட்ட நாணயத்தின் முகமதிப்பைக்கூட இந்திய ரூபாய்தான் தீர்மானித்திருக்கிறது. என் கருத்தில், ஆசியாவின் போர்த்துக்கீசியப் பணத்தாள்களைச் சேகரிக்கத் தொடங்குபவர் முதலில் பழக வேண்டியது இந்த வகைப் படிப்பைத்தான். நோட்டில் இருக்கும் உருவப்படம் லிஸ்பன் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொண்ட கதை. அதில் இருக்கும் எண்ணோ அந்த ஊர் எந்தப் பக்கத்து நாட்டின் பணத்தைச் சார்ந்து வாழ்ந்தது என்பதற்கான சான்று.

இந்தத் துறையின் எல்லை சிறியது என்பதையும் தொடக்கத்திலேயே தெளிவாக்கிக்கொள்வது நல்லது. தமிழ் வாசகர்களுக்கு நாகப்பட்டினமும் யாழ்ப்பாணமும் போர்த்துக்கீசியர் ஆண்ட இடங்களாக நினைவுக்கு வரும். ஆகவே அங்கிருந்தும் நோட்டுகள் கிடைக்குமா என்று கேட்பவர்கள் உண்டு. கிடைக்க வழியில்லை. மலாக்கா 1641இலும், கொழும்பு 1656இலும், நாகப்பட்டினமும் யாழ்ப்பாணமும் 1658இலும், கொச்சி 1663இலும் டச்சுக்காரர்கள் கைக்குப் போய்விட்டன. போர்த்துக்கலின் குடியேற்ற நாடுகளுக்கு நோட்டு வெளியிடவிருந்த பாங்கோ நாசியோனால் உல்த்ரமரீனோ, அதாவது தேசியக் கடல்கடந்த வங்கி, லிஸ்பனில் தொடங்கப்பட்டதே 1864இல்தான். இடையில் இரண்டு நூற்றாண்டுகள் இருக்கின்றன. நோட்டுகளின் காலம் வந்தபோது ஆசியாவில் போர்த்துக்கலின் கையில் எஞ்சியிருந்தவை மூன்றே இடங்கள்: இந்தியாவின் மேற்குக் கரையில் கோவாவும் அதைச் சேர்ந்த பகுதிகளும், தென்சீனக் கரையில் மக்காவ், கிழக்கே தீமோர் தீவின் பாதி. சேகரிப்பு முழுவதும் இந்த மூன்று இடங்களுக்குள் அடங்கிவிடும்.

மூன்றில் வளமானது இந்தியத் தொடர்தான். வங்கி தன் கோவாக் கிளையை 1868இலேயே திறந்துவிட்டது. ஆயினும் 1880களிலும் 1890களிலும் கோவா அரசே தன் பெயரில் நோட்டுகளை வெளியிட்டது. இவற்றைப் புரிந்துகொள்ள 1878ஆம் ஆண்டின் ஆங்கிலேய - போர்த்துக்கீசிய ஒப்பந்தத்தை அறிந்திருக்க வேண்டும். மர்மகோவா துறைமுகத்துக்கு இருப்புப்பாதை, கோவாவின் உப்பு உற்பத்தியில் ஆங்கிலேயருக்கு அதிகாரம் ஆகியவற்றோடு, போர்த்துக்கீசிய இந்தியாவின் நாணயத்தையும் பிரித்தானிய இந்தியாவின் நாணயத்துக்கு இணையாக்கியது அந்த ஒப்பந்தம். அதன் விளைவாக, போர்த்துக்கல் மன்னர் லூயிஸின் தலை பொறித்த வெள்ளி ரூப்பியாக்கள் 1881 முதல் கல்கத்தா நாணயச்சாலையில் அச்சடிக்கப்பட்டன. ஒப்பந்தம் பிறகு காலாவதியானது. கணக்கு மட்டும் நிலைத்துவிட்டது. ஒரு ரூப்பியாவுக்குப் பதினாறு தங்கா. பக்கத்து ஆங்கிலேய எல்லைக்குள் ஒரு ரூபாய்க்குப் பதினாறு அணா. பெயர் மட்டும்தான் வேறு. தங்கா என்ற அந்தச் சொல்லும் போர்த்துக்கலிலிருந்து வந்ததல்ல. வங்கதேசப் பணத்தின் பெயரில் இன்றும் ‘டாகா’வாக வாழும் பழைய டங்கா என்ற இந்திய நாணயப் பெயரின் உறவு அது.

வங்கியின் பெயரில் வந்த 1906ஆம் ஆண்டு நோட்டுகள் ஐந்து ரூப்பியாவிலிருந்து தொடங்குகின்றன. சேகரிப்பாளர்களைத் தனியே ஈர்ப்பது 1917 அக்டோபர் 1 என்று தேதியிட்ட சிறு மதிப்புத் தொடர். அதில் 4 தங்கா, 8 தங்கா, 1 ரூப்பியா ஆகியவற்றோடு இரண்டரை ரூப்பியா என்ற விசித்திரமான நோட்டும் உண்டு. ஏன் இரண்டரை? முதல் உலகப் போரின்போது வெள்ளிக்குக் கடும் பஞ்சம் ஏற்பட்டு, வெள்ளி நாணயங்கள் பெட்டிகளுக்குள் பதுங்கின. பிரித்தானிய இந்திய அரசு 1917 நவம்பர் இறுதியில் ஒரு ரூபாய் நோட்டையும், 1918 ஜனவரியில் இரண்டு ரூபாய் எட்டணா நோட்டையும் வெளியிட்டது. இரண்டு ரூபாய் எட்டணாவும் இரண்டரை ரூப்பியாவும் ஒரே தொகைதான். ஒரே நெருக்கடி எல்லையின் இரு பக்கங்களிலும் ஒரே எண்ணைக் காகிதத்தில் எழுத வைத்திருக்கிறது. இந்த இரண்டு நோட்டுகளையும் ஒரே பக்கத்தில் அருகருகே வைத்திருக்கும் ஒரு தொகுப்பை, ஏராளமான நோட்டுகளைத் தேதி வரிசையில் மட்டும் அடுக்கியிருக்கும் தொகுப்பைவிட நான் மேலாக மதிப்பேன். அரை ரூபாய்க்கும் கால் ரூபாய்க்கும் அடித்த தங்கா நோட்டுகள் மிகுதியாகக் கைமாறி, கிழிந்து, கசங்கிப் போனவை. நல்ல நிலையில் எஞ்சியவை மிகக் குறைவு. பெரிய தொகைக்கான நோட்டைப் பெட்டியில் வைத்துக் காப்பாற்றுவார்கள். சில்லறை நோட்டை யார் காப்பாற்றுவார்கள்?

அந்தக் காலத்து வங்கி நோட்டுகளில் ஒரு நீராவிக் கப்பலின் உருவம் கொண்ட வட்ட முத்திரை உண்டு. கடல்கடந்த நாடுகளுக்கான வங்கி என்பதற்குக் கப்பலே அடையாளம். முத்திரையின் வளையத்துக்குள் இருக்கும் எழுத்துகள் காலத்துக்கேற்ப மாறியிருப்பதால், ஒரே தேதி, ஒரே மதிப்பு, ஒரே நிறம் கொண்ட இரண்டு நோட்டுகள் அட்டவணையில் இரு வேறு வகைகளாகப் பதிவாகின்றன. இங்கே தொடக்கநிலைச் சேகரிப்பாளர்கள் மறக்கக் கூடாத ஒரு நடைமுறை அடங்கியிருக்கிறது. இந்த வங்கி நோட்டுகளில் நாள், மாதம், ஆண்டு மூன்றும் அச்சாகியிருக்கும். ஆனால் அது அந்தத் தொடருக்கு உரிய தேதியே அன்றி, கையில் இருக்கும் தாள் அச்சான நாள் அல்ல. அதே தேதியோடு ஆண்டுக்கணக்கில் அச்சிட்டுக்கொண்டிருப்பார்கள். மெய்யான காலத்தைக் காட்டுபவை முத்திரையின் வகை, கையொப்பங்களின் இணை, வரிசை எண்ணின் எழுத்து ஆகியவைதான். தேதியை மட்டும் பார்த்து விலை பேசுபவர் ஏமாறுவதற்கு வாய்ப்பு அதிகம்.

1945 நவம்பர் 29 என்று தேதியிட்ட தொடரில்தான், 1510இல் கோவாவைக் கைப்பற்றிய அஃபோன்சோ டி அல்புகெர்க்கே இடம்பெறுகிறார். 5 முதல் 500 ரூப்பியா வரை ஆறு மதிப்புகளிலும் அவரே. 1959ஆம் ஆண்டின் எஸ்குடோ தொடரிலும் அவர் தொடர்கிறார். இரண்டு தொடர்களையும் சேர்த்துப் பார்க்கும்போது அரசியல் தெளிவாகத் தெரிகிறது. இந்தியா விடுதலை பெறப்போகும் வேளையிலும், விடுதலை பெற்று அண்டை நாடாக நின்று கோவாவைக் கேட்டுக்கொண்டிருந்த வேளையிலும், நானூறு ஆண்டுகளுக்கு முந்தைய வெற்றியாளரின் நீண்ட தாடியைத்தான் லிஸ்பன் காட்டிக்கொண்டிருந்தது. 1951இல் குடியேற்ற நாடுகள் என்ற பெயரை நீக்கி, கடல்கடந்த மாகாணங்கள் என்று பெயர் மாற்றினார்கள்; தாத்ரா, நாகர் ஹவேலி பகுதிகள் 1954இல் கைவிட்டுப் போயின; பொருளாதாரத் தடைகள் வந்தன. ரூபாயோடு இருந்த பழைய பிணைப்பை அறுத்துவிட்டு எஸ்குடோவுக்கு மாறும் முடிவு இந்த இறுக்கத்தின் நடுவே வந்தது. அந்த நோட்டுகள் மூன்று ஆண்டுகள்கூட முழுமையாகப் புழங்கவில்லை. 1961 டிசம்பர் 18, 19 தேதிகளில் இந்திய ராணுவ நடவடிக்கை முடிந்தபோது, அவற்றின் காலமும் முடிந்தது.

வங்கியின் கோவாக் கிளையில் அடகு வைக்கப்பட்டிருந்த மக்களின் தங்க நகைகள் அதற்கு முன்பே லிஸ்பனுக்கு ஏற்றப்பட்டுவிட்டன என்பதும், 1991இல்தான் அவை திரும்பி வந்தன என்பதும் இந்தக் கதையின் மறக்க முடியாத துணுக்கு. முப்பது ஆண்டுகள் தங்கள் தாலியும் வளையலும் எங்கோ ஒரு பெட்டகத்தில் இருக்க, அடகுச் சீட்டை மட்டும் பாதுகாத்து வைத்திருந்த குடும்பங்களுக்கு இந்த வங்கியின் பெயர் நோட்டுச் சேகரிப்புக்கான பெயர் அல்ல. அவர்கள் வீட்டிலிருந்து ஒரு நோட்டு விலைக்கு வரும்போது அதை நினைவில் வைத்துக்கொள்வது நமக்கு நல்லது.

மக்காவின் கதை வெள்ளியில் தொடங்குகிறது. அங்கே பணத்தின் பெயர் பதாக்கா. அதற்கு அடிப்படையாக இருந்தது சீனக் கரையெங்கும் செல்லுபடியான மெக்சிகோ வெள்ளி டாலர். மக்காவ் கிளை 1902இல் திறக்கப்பட்டு, முதல் பதாக்கா நோட்டுகள் 1906இல் வெளிவந்தன, லண்டனில் அச்சிடப்பட்டவை. அந்த நோட்டுகளில் வங்கியின் பெயர் சீன எழுத்துகளிலும் உண்டு. அந்தப் பெயரைச் சொல்லுக்குச் சொல் பார்த்தால் மேலைப் பெருங்கடலின் கடல்கடந்த வங்கி என்று வரும். மேலைப் பெருங்கடல் நாடு என்பதே சீனர்கள் போர்த்துக்கலுக்கு வைத்திருந்த பழைய பெயர். லிஸ்பனுக்குக் கடல்கடந்த இடம் மக்காவ். மக்காவ் சீனருக்கோ கடல்கடந்த இடம் போர்த்துக்கல். ஒரே தாளின் இரண்டு மொழிகளும் எதிரெதிர்க் கரைகளிலிருந்து பேசுகின்றன.

மக்காவ் சேகரிப்பின் இன்னொரு தனித்தன்மை அதன் சில்லறை நோட்டுகள். பதாக்காவுக்கு நூறு ஆவோ. ஆனால் மக்காவுக்கென்று தனி உலோக நாணயம் 1952இல்தான் வந்தது. அதுவரை சீனத்தின், ஹாங்காங்கின் காசுகளோடு, வங்கியின் ஆவோ நோட்டுகளும் சில்லறையாகப் புழங்கின. 1920இல் 5, 10, 50 ஆவோ நோட்டுகளும், போர்க்காலமான 1942இல் ஒரே ஒரு ஆவோவுக்கான நோட்டும்கூட வெளிவந்தன. ஒரு காசுக்கு நோட்டு அடிக்கும் நிலைக்கு ஒரு நகரம் தள்ளப்பட்டதென்றால், சுற்றியிருந்த உலகில் உலோகம் எவ்வளவு அரிதாகியிருக்க வேண்டும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

அந்தப் போர்க்காலத்தின் மிகத் தெளிவான சாட்சி 1944 பிப்ரவரி 5 என்று தேதியிட்ட தொடர். போர்த்துக்கல் நடுநிலை நாடு என்பதால் மக்காவை ஜப்பானியர் ஆக்கிரமிக்கவில்லை. ஆனால் ஹாங்காங்கும் கான்டனும் அவர்கள் கையில் இருந்ததால் மக்காவ் ஒரு தீவுபோலத் தனித்துவிட்டது. அகதிகள் குவிந்தார்கள், நோட்டுத் தேவை பெருகியது, ஐரோப்பாவிலிருந்து நோட்டுப் பெட்டிகள் வர வழியில்லை. ஆகவே கிடைத்த காகிதத்தில், உள்ளூர் அச்சகத்திலேயே 5 முதல் 500 பதாக்கா வரை அச்சிட்டார்கள். 1906ஆம் ஆண்டு நோட்டையும் 1944ஆம் ஆண்டு நோட்டையும் விரலால் தடவிப் பார்த்தாலே வேறுபாடு புரியும்: முன்னது உறுதியான காகிதத்தில் நுணுக்கமான கோட்டு வேலைப்பாடு, பின்னது எளிய அச்சு, தரம் தாழ்ந்த காகிதம், மடித்த இடத்தில் இழை பிரியும் தன்மை. அழகில் மிகக் குறைந்த இந்தத் தொடரையே நான் மக்காவ் நோட்டுகளில் முதன்மையானதாகச் சொல்வேன். அடுத்த தொடர் 1945 நவம்பர் 16 தேதியோடு போர்த்துக்கலில் அச்சாகி வந்துவிட்டதால் இதன் வாழ்நாளும் குறுகியதாகவே இருந்தது.

தீமோரின் நோட்டுகள் நெடுங்காலம் மக்காவின் நிழலில் இருந்தவை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் தீமோரின் நிர்வாகம் மக்காவோடு பிணைந்திருந்தது. பணமும் அதே பதாக்காதான். தீமோரின் தலைநகரான டிலிக்கென்று வங்கிக் கிளை 1912இல் வந்த பிறகும், தட்டுப்பாடு ஏற்பட்டபோதெல்லாம் மக்காவ் நோட்டுகளின்மேல் ‘தீமோரில் செலுத்தத்தக்கது’ என்ற பொருளுள்ள போர்த்துக்கீசிய வாசகத்தை மேலச்சு செய்து அனுப்பினார்கள். மேலச்சுள்ள நோட்டு அரிது, மேலச்சில்லாத மக்காவ் நோட்டு அவ்வளவு அரிதல்ல என்ற நிலை எங்கெல்லாம் உண்டோ, அங்கெல்லாம் போலி மேலச்சுக்கு இடமுண்டு. மேலச்சின் மை பழைய மடிப்புக்கோடுகளின்மேல் எப்படி உட்கார்ந்திருக்கிறது என்பதைப் பெருக்குக்கண்ணாடியில் பார்க்க வேண்டும். மடிப்பு விழுவதற்கு முன் பதிந்த மை, மடிப்பில் உடைந்து வெள்ளை காட்டும். மடிப்புக்குப் பின் பதிந்த மை அந்தப் பள்ளத்துக்குள்ளும் வழிந்து இறங்கியிருக்கும். பின்னது சந்தேகத்துக்குரியது.

1959இல் தீமோருக்கும் எஸ்குடோ நோட்டுகள் வந்தன. மதிப்புகள் 30, 60, 100, 500. மீண்டும் அதே முப்பதும் அறுபதும். ஆனால் தீமோரில் விகிதம் ஆறு அல்ல. ஒரு பதாக்காவுக்கு 5.6 எஸ்குடோ. ஐந்து பதாக்கா என்பது 28 எஸ்குடோவாகிறது; முப்பது வரவில்லை. கோவாவில் பொருந்திய எண்ணைக் கணக்குப் பொருந்தாத தீமோருக்கும் அப்படியே எடுத்துக்கொண்டார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது. தேதியும் இரண்டுக்கும் ஒன்றே என்பது இந்த ஊகத்துக்கு வலு சேர்க்கிறது. இந்த இரண்டு முப்பது எஸ்குடோ நோட்டுகளையும் அடுத்தடுத்து வைப்பது எந்தத் தொகுப்புக்கும் நல்ல மையமாக அமையும்.

தீமோரின் 1959 தொடரில் இருப்பவர் 1894 முதல் 1908 வரை ஆளுநராக இருந்து, உள்நாட்டுத் தலைவர்கள்மீது படையெடுத்து அடக்கிய செலஸ்டினோ ட சில்வா. அடுத்து 1963 முதல் 1968 வரையிலான தேதிகளோடு வந்த 20, 50, 100, 500, 1000 எஸ்குடோ நோட்டுகளிலோ ஒரு தீமோர்காரர் இடம்பெறுகிறார்: ஜப்பானியரை எதிர்த்து நின்று 1943இல் கொல்லப்பட்ட குறுநிலத் தலைவர் டோம் அலெய்ஷோ. இரண்டுக்கும் இடையே கோவா போயிருந்தது என்பதை மறக்காமல் பார்த்தால், வென்றவரின் முகத்தை எடுத்துவிட்டு விசுவாசியின் முகத்தை ஏன் வைத்தார்கள் என்பது விளங்கும். போர்த்துக்கல் கொடிக்காக உயிர் கொடுத்தவர் என்று அவரை அரசு கொண்டாடியது. அதே முகத்தைத் தங்கள் மண்ணின் மனிதனாகப் பார்த்த தீமோர் மக்களும் இருந்திருப்பார்கள். 1975 டிசம்பரில் இந்தோனேசியா படையெடுத்து நுழைந்த பிறகு இந்த நோட்டுகளின் காலமும் ஓய்ந்தது. 20, 50, 100 எஸ்குடோ நோட்டுகள் புழங்காத நிலையில் இன்றும் எளிதாகக் கிடைக்கின்றன. தொடங்குபவருக்கு இவையே ஏற்றவை. சிறு செலவில் நல்ல அச்சையும் உண்மையான காகிதத்தையும் கையால் உணர்ந்து பழகலாம்.

விலை ஏறும் நோட்டுகளுக்குப் போகும்போது மூன்று வகைகளைப் பிரித்தறிய வேண்டியிருக்கும். புழக்கத்துக்கு வந்தவை ஒன்று. அச்சகம் மாதிரிக்காகத் துளையிட்டு அல்லது மேலச்சிட்டு வைத்தவை இன்னொன்று. புழங்கித் திரும்பி வந்து வங்கியால் துளையிட்டு நீக்கப்பட்டவை மூன்றாவது. மாதிரித் தாள் புத்தம் புதிதாக, பூச்சிய வரிசை எண்ணோடு இருக்கும். பார்க்க அழகானது, ஆனால் அது எந்தச் சந்தைக்கும் போய்வந்ததில்லை. துளையை நிரப்பிக் காகிதக் கூழால் ஒட்டுப்போட்டு முழு நோட்டாக விற்பதும் நடக்கிறது. ஒருமுறை எனக்கே அப்படி ஒரு நோட்டு வந்து சேர்ந்தது. மேசை விளக்கின் எதிரே பிடித்தபோது, சுற்றிலும் ஒளி சீராக ஊடுருவ, ஓர் இடத்தில் மட்டும் பருப்பளவு வட்டமாக இருள் தெரிந்தது. அன்றிலிருந்து எந்த நோட்டையும் விளக்குக்கு எதிரே பிடித்துப் பார்க்காமல் நான் வாங்குவதில்லை. கழுவி வெளுத்த நோட்டையும் அதே விளக்கு காட்டிக்கொடுக்கும். பக்கவாட்டு ஒளியில் அச்சின் மேடு தட்டையாகத் தெரிந்தால், யாரோ ஈரப்படுத்தி அழுத்தியிருக்கிறார்கள் என்று பொருள்.

நம் கரைகளின் ஈரப்பதம் காகிதத்துக்குப் பகை. சாதாரண பிவிசி உறைகள் சில ஆண்டுகளில் பிசுபிசுத்து மையை உறிஞ்சும். பாலியெஸ்டர் உறை சற்று விலை கூடினாலும் அதைத்தான் வாங்க வேண்டும். பழுப்புப் புள்ளிகளை நீக்க முயலக் கூடாது, ஒட்டுநாடா ஒட்டக் கூடாது, இஸ்திரிப் பெட்டியை அருகில்கூடக் கொண்டுவரக் கூடாது. இந்தியாவில் இருப்பவர்கள் சட்டத்தையும் கவனிக்க வேண்டும்: 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி நூறு ஆண்டு கடந்த பொருள்கள் தொல்பொருள்களாகக் கருதப்படுவதால், 1906, 1917 ஆகிய தேதிகள் கொண்ட நோட்டுகளை அனுமதியின்றி வெளிநாட்டு வாங்குநருக்கு அஞ்சலில் அனுப்பிவிட முடியாது.

மூன்று இடங்களில் மக்காவில் மட்டும் இந்தக் கதை இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. 1999 டிசம்பர் 20இல் மக்காவ் சீனாவின் கைக்குத் திரும்பிய பிறகும், பதாக்கா பதாக்காவாகவே நிலைத்தது. 1995இலிருந்து சீன வங்கியும் சேர்ந்து வெளியிட, அதே பழைய வங்கியின் பெயரிலும் நோட்டுகள் வந்துகொண்டிருக்கின்றன. போர்த்துக்கலில் அந்த வங்கி 2001இல் வேறொரு பெரிய வங்கியோடு இணைந்து பெயரிழந்துவிட்டது. கோவாவில் அது எஞ்சியிருப்பது பெரும்பாலும் பழைய மரப்பெட்டிகளுக்குள்தான். அப்படி ஒரு வீட்டிலிருந்து முப்பது எஸ்குடோ நோட்டுகள் ஒரு கட்டாக வந்தால், அவற்றைச் சுற்றியிருந்த தாளில் பென்சிலால் எழுதிய கணக்கு இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் அந்தக் கணக்கு ரூபாயில்தான் இருக்கும். அந்தத் தாளையும் நோட்டோடு சேர்த்தே பாலியெஸ்டர் உறையில் இடுங்கள்.